பட்டியலில் விடுபட்ட குரல்

பாரிஸ் மாநகரில் 1914ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் நடைபெற்ற ஓர் இசை நிகழ்ச்சியை, மேற்கத்திய இசை வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுவர். மலார்மே என்னும் பிரெஞ்சுக் கவிஞரின் மூன்று கவிதைகளுக்கு மோரிஸ் ரவேல் அமைத்த இசையும், மூன்று சப்பானியப் பாக்களுக்கு இகோர் ஸ்திராவின்ஸ்கி அமைத்த இசையும் அன்று அரங்கேறின. அவ்விருவரின் நண்பரான மோரிஸ் தெலாழ் இயற்றிய 'நான்கு இந்துக் கவிதைகள்' என்ற படைப்பும் அதே மேடையில் இசைக்கப்பட்டது. அதன் நான்கு பாடல்களும் அன்றைய இந்தியாவின் நான்கு ஊர்களின் பெயர்களைத் தாங்கியுள்ளன: மதராஸ், லாகூர், பனாரஸ், செய்ப்பூர். ஆம், அந்த மேடையில் நம் சென்னையும் இடம்பெற்றது.

ஆனால் பாரிஸுக்குச் சென்றது சென்னையின் பெயர் மட்டும்தானா? அதனுடன் சென்ற ஒரு குரல் எவருடையது? அந்தக் குரலுக்கு உரியவரின் பெயர் நெடுங்காலம் ஏன் பேசப்படவில்லை? இசைப்பதிவுகளுக்குப் பட்டியல் தயாரிக்கும் பணி வெறும் எழுத்தர் வேலை என்று எண்ணுவோர், இந்த வரலாற்றை அறிந்தால் தம் எண்ணத்தை மாற்றிக் கொள்வர்.

அறையிசையும் அயல்நாட்டுப் பயணியும்

மேற்கத்திய இசையில் பெரிய இசைக்குழுவுக்கென எழுதப்படுவது ஒரு வகை. ஒரு கூடத்தில் சிலர் அமர்ந்து இசைக்க, சிலர் அருகிருந்து கேட்பதற்கென எழுதப்படுவது மற்றொரு வகை. பின்னதை அறையிசை என்பர். இது நமக்குப் புதிதன்று. வீணை தனம்மாள் (1867-1938) சென்னை சார்ச் டவுனில் இருந்த தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒலிபெருக்கியின்றி, தேர்ந்த சில சுவைஞர் சூழ்ந்திருக்க வாசித்ததும் அவ்வகை இசையே. தெலாழின் 'நான்கு இந்துக் கவிதைகள்' ஒரு பெண் குரலுக்கும் பத்து இசைக்கருவிகளுக்கும் எழுதப்பட்டது. இரண்டு புல்லாங்குழல், ஒரு ஓபோ, இரண்டு கிளாரினெட், ஒரு யாழ், இவற்றோடு வயலின் குடும்பத்து நரம்புக் கருவிகள் நான்கு. அவ்வளவே.

தெலாழ் 1879இல் பிறந்து 1961இல் மறைந்தவர், ரவேலின் மாணவர். 1911ஆம் ஆண்டின் இறுதியிலும் 1912இன் தொடக்கத்திலும் அவர் இந்தியாவில் பயணம் செய்தார். அவருக்கு முன்னரே 1909இல் அல்பேர் ரூசெல் என்ற மற்றொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் இந்தியாவுக்கு வந்து சென்றிருந்தார். ரூசெல் தாம் கேட்ட இசையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தெலாழோ குறிப்பேட்டோடு நிற்கவில்லை. இந்திய இசைத்தட்டுகளையும் தம்முடன் கொண்டு சென்றார். இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். குறிப்பேட்டில் இருப்பது எழுதியவரின் காது பிடித்தது மட்டுமே. இசைத்தட்டிலோ பாடியவரின் மூச்சும், குழைவும், அசைவும் இருக்கின்றன. மீண்டும் மீண்டும் சுழலவிட்டுக் கேட்கலாம். அவ்வாறு கேட்டவர் எழுதிய இசை, முன்னோர் எழுதிய 'கீழ்த்திசை' இசையினின்று வேறுபட்டு ஒலித்ததில் வியப்பில்லை.

'லாகூர்' பாடலின் தொடக்கத்தில் செல்லோ என்னும் பெரிய நரம்புக் கருவி தனித்து ஒலிக்கிறது. வில்லை விலக்கி, விரலால் நரம்பைச் சுண்டி, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லுமாறு தெலாழ் எழுதியுள்ளார். வட இந்தியக் கலைஞர் இம்தாத் கானின் இசைத்தட்டு இதற்குப் பின்னால் உள்ளது என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். பாடகி வாயை மூடியபடியே இசைக்க வேண்டிய பகுதியும் அதே பாடலில் உண்டு. இவை ஐரோப்பியப் பாடகர்க்கு அக்காலத்தில் பழக்கமில்லாதவை.

கோயம்புத்தூர் தாயி

தெலாழின் உள்ளத்தைக் கவர்ந்த தென்னாட்டுக் குரல் கோயம்புத்தூர் தாயியுடையது. 1872இல் பிறந்து 1917இல் மறைந்த இவரது இயற்பெயர் பழனிக்குஞ்சரம். தேவதாசி மரபில் வந்தவர். சென்னையில் வாழ்ந்து புகழ் பெற்றவர். கிராமபோன் கம்பெனி தென்னிந்தியாவில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிய காலத்தில், அதன் முதல் வரிசைப் பாடகியருள் இவரும் சேலம் கோதாவரியும் இடம்பெற்றனர். உயர்குடிப் பெண்டிர் பொது இடத்தில் பாடுவது இழுக்கு என்று கருதப்பட்ட அக்காலத்தில், ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமரும் துணிவு இம்மரபில் வந்த பெண்களிடமே இருந்தது. நம் இசையின் மிகப் பழைய ஒலிச்சான்றுகள் சில இன்று நம்மிடம் இருப்பதற்கு அவர்களே காரணம். பின்னர் இசை மேடைகள் சார்ச் டவுனிலிருந்து மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடம்பெயர்ந்தபோது, அவர்களின் பெயர்கள் அவ்வளவு எளிதாக உடன் வரவில்லை.

அன்றைய ஒலிப்பதிவு முறையை இன்றைய இளைஞர் கற்பனை செய்வது அரிது. 1925க்கு முன் மின்சார ஒலிவாங்கி பதிவுக்கூடங்களில் இல்லை. பெரிய கூம்பு ஒன்றின் முன் அமர்ந்து உரத்துப் பாட வேண்டும். அவ்வொலியின் அதிர்வு ஓர் ஊசியை அசைக்க, அது மெழுகில் வரியிட்டுச் செல்லும். ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே இடம். அம்மூன்று நிமிடத்துள் இராகத்தைக் காட்டி, பாட்டை நிறைவு செய்ய வேண்டும். மெழுகுப் படிவம் கடல் கடந்து செருமனியின் ஹனோவர் நகருக்குச் செல்லும். அங்கே அரக்குத் தட்டுகள் அச்சாகித் திரும்பும். கல்கத்தாவில் தொழிற்சாலை ஏற்பட்டது 1908இல்தான். ஹனோவரில் பணிபுரிந்தோர்க்கு நம் மொழிகள் தெரியா. ஆகவே பாடியவரே இறுதியில் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. கல்கத்தாவின் கௌகர் ஜான் ஆங்கிலத்தில் தம் பெயரைக் கூறி முடிக்கும் பதிவுகள் பலரும் அறிந்தவை. பட்டியலுக்கான முதல் குறிப்பைக் கலைஞரே தம் வாயால் தந்தார் என்பது எண்ணத்தக்கது.

இதற்கு மேலும் தட்டில் எண்கள் உண்டு. ஒன்று விற்பனைப் பட்டியல் எண். பாடியவர் ஆணா, பெண்ணா, அல்லது அது கருவியிசையா என்பதை அவ்வெண் அடங்கிய வரிசையே காட்டிவிடும். மற்றொன்று, பதிவின்போது மெழுகுப் படிவத்திற்குக் கொடுத்த எண். அது எந்தப் பயணத்தில், எந்த வரிசையில் பதிவானது என்பதை இதன் துணையால் அறியலாம். காகித முகப்பு கிழிந்து போன தட்டையும் இவ்வெண்கள் அடையாளம் காட்டும்.

பாரிஸில் ஒலித்த தமிழ்

தெலாழ் 1912 முதல் 1914 வரையிலான காலத்தில் 'இராகமாலிகா' என்ற பாடலை எழுதினார். குரலுக்கும் பியானோவுக்கும் எழுதி, பின்னர் இசைக்குழுவுக்கும் அதனை விரித்தமைத்தார். இதன் மொழி பிரெஞ்சு அன்று, தமிழ். தமிழ் ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதிப் பிரெஞ்சுப் பாடகியைப் பாட வைத்தார். இப்பாடல் கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டு ஒன்றைத் தழுவி எழுந்தது. அத்தட்டில் தாயி பாடியது இராமலிங்க அடிகளாரின் அருட்பா.

எத்தகைய பயணம் இது! 1823இல் மருதூரில் பிறந்து, 1858 வரை சென்னையில் வாழ்ந்தவர் இராமலிங்க அடிகள். அவருடைய பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில் 1867இல் நூலாயின. அடிகள் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், அச்சொற்கள் ஒரு பெண்ணின் குரலில் ஏறி, அரக்குத் தட்டில் பதிந்து, கடல் கடந்து, பிரெஞ்சுப் பதிப்பகத்தின் தாளில் இசைக்குறியீடாக அச்சேறின.

பியானோவில் சுரங்களுக்கு இடையே வழுக்க இயலாது, கமகம் வாராது. இதனைத் தெலாழ் உணர்ந்தே இருந்தார். எனவே பியானோவின் உள்ளே ஒரு நரம்பினடியில் சிறு அட்டைத் துண்டைச் செருகுமாறு குறிப்பு எழுதினார். அப்போது அந்த நரம்பு மணியொலி நீங்கி, நம் தோற்கருவி போல் மந்தமாக ஒலிக்கும். பியானோவின் உள்ளே பொருள்களைச் செருகி ஒலியை மாற்றும் முறைக்காக அமெரிக்கரான ஜான் கேஜ் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து பெரும் பெயர் பெற்றார். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, ஒரு தமிழ் இசைத்தட்டின் தாக்கத்தால் தெலாழ் அதனைச் செய்துள்ளார். அம்முறையின் மிக முந்திய எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

பட்டியலிடுவோர் முன் நிற்கும் வினாக்கள்

தெலாழ் மிகுதியாக எழுதியவர் அல்லர். 1920களில் சப்பானிய ஹைக்கூ வடிவில் ஏழு பாடல்கள், 1948இல் ஒரு நரம்பிசை நால்வர் படைப்பு, வேறு சில பாடல்கள். ஆதலால் அவருடைய அறையிசைப் பதிவுகளைத் தொகுப்பது எளிது என்று தோன்றும். 'நான்கு இந்துக் கவிதைக'ளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1960களில் ஆங்கிலப் பாடகி சானெட் பேக்கர் மெலோஸ் குழுவினருடன் பாடிய தட்டு புகழ்பெற்றது. அமெரிக்கரான டான் அப்ஷா 1991இல் வெளியான குறுந்தட்டில் பாடினார். ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஆன் சோஃபி ஃபான் ஓட்டரும் 1990களில் பாடிப் பதிவு செய்தார். பிரெஞ்சுப் பாடகி சபீன் தெவியேல் பாடியது 2017இல் வெளிவந்தது. தெலாழின் பாடல்களைத் தொகுத்து பிரான்ஸில் 1998இல் ஒரு குறுந்தட்டு வெளியாயிற்று. இவற்றை ஆண்டு வரிசையில் எழுதி, நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் சேர்த்துவிட்டால் பட்டியல் முடிந்துவிடுமா?

முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள் கூறலாம்.

முதலாவது, தலைப்புகள் நம்மைத் திசைதிருப்புகின்றன. 'மதராஸ்' என்ற தலைப்பைக் கண்டு தமிழ்க் கவிதையை எதிர்பார்ப்போர்க்கு, பர்த்ருஹரியின் வடமொழிச் சுலோகம் ஒன்றின் பிரெஞ்சு வடிவமே கிடைக்கிறது. 'லாகூர்' பாடலின் சொற்களோ செருமானியக் கவிஞர் ஹைனேயுடையவை. வடநாட்டுப் பனிமலையில் தனித்து நிற்கும் ஒரு மரம், கீழைநாட்டுப் பனைமரத்தைக் கனவு காணும் கவிதை அது. உண்மையில் தமிழ் ஒலிப்பது எந்த ஊரின் பெயரையும் தாங்காத 'இராகமாலிகா'வில்தான். தலைப்பை மட்டும் எழுதும் பட்டியல் இவ்வுண்மையை மறைத்துவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. மேற்கத்திய இசைப் பட்டியல் இசையமைப்பாளரைத் தலைமையாகக் கொண்டது. தெலாழ் என்ற பெயரின் கீழ்ப் படைப்பு. படைப்பின் கீழ்ப் பதிவு. பதிவின் கீழ்ப் பாடியவர். இந்த ஏணியில் கோயம்புத்தூர் தாயிக்கு எந்தப் படியும் இல்லை. அவர் தெலாழின் படைப்பைப் பாடியவர் அல்லர். தெலாழின் படைப்புக்கு மூலமானவர். மறுபுறம், நம் நாட்டு இசைத்தட்டுப் பட்டியல் பாடியவரைத் தலைமையாகக் கொண்டது. தாயியின் பெயரும் தட்டின் எண்ணும் அதில் இருக்கும். அத்தட்டு பாரிஸில் என்ன விளைவித்தது என்பது இராது. இரண்டு பட்டியல்களும் தத்தம் அளவில் பிழையற்றவை. இரண்டுக்கும் இடையே பாலம் இல்லாததால் ஒரு பெண்ணின் பங்களிப்பு இடைவெளியில் விழுந்துவிட்டது.

இப்பாலம் அமையத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்க இசையியலாளர் சான் பாஸ்லர் 1994இல் வெளியான கட்டுரையிலும், 2000இல் வெளியான மற்றொரு கட்டுரையிலும், தெலாழின் இசையைப் பழைய இந்தியத் தட்டுகளோடு ஒப்பிட்டுத் தாயியின் இடத்தை நிலைநாட்டினார். அதே 1994ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர், 1899 முதல் 1908 வரை கிராமபோன் கம்பெனி செய்த இந்தியப் பதிவுகளின் பட்டியலை மும்பையில் நூலாக வெளியிட்டார். ஒருவர் இசையை ஆராய்ந்தார். மற்றவர் எண்களைத் திரட்டினார். எண்களைப் பொறுமையோடு திரட்டுவோர் இல்லையெனில், இத்தகைய ஒப்பீட்டிற்கு உறுதியான அடித்தளம் கிடையாது.

நம் மரபு காட்டும் வழி

பெயரைக் காப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. குறுந்தொகையைத் தொகுத்த முன்னோர், சில பாடல்களை இயற்றியவரின் பெயர் கிடைக்காதபோது, 'பெயர் தெரியவில்லை' என்று விட்டுவிடவில்லை. அப்பாடலிலேயே வரும் அழகிய தொடரால் புலவருக்குப் பெயரிட்டனர். செம்புலப்பெயனீரார் என்ற பெயர் அவ்வாறு தோன்றியதே. பாடல் உள்ளதெனில் பாடியவர் ஒருவர் இருந்தார். அவரைப் பெயரின்றி விடலாகாது என்ற அறவுணர்வே அத்தொகுப்பின் பின் நிற்கிறது. ஏடு தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையர் அத்தொகையை 1937இல் பதிப்பித்தபோது, அப்பெயர்களும் அதில் இடம்பெற்றன. அவர் சேர்த்த சுவடிகளைக் காக்கும் நூலகம் இன்று அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் உள்ளது.

இக்காலத்து அறிவியல் முறையையும் சென்னையே உலகிற்குத் தந்தது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும், 1934இல் பட்டியலாக்க நெறிமுறையையும் வெளியிட்டார். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பது அவர் விதிகளுள் ஒன்று. அதற்காக ஒரே நூலுக்குப் பல பதிவுகள் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நம் இலக்கண நூலார் இதனை மாட்டேறு என்பர். 'இதனை அங்கே காண்க' என்று சுட்டிச் செல்வது. தெலாழ் என்ற பெயரில் தேடுவோரைத் தாயியிடமும், தாயி என்ற பெயரில் தேடுவோரைத் தெலாழிடமும், அருட்பாவில் தேடுவோரை இவ்விருவரிடமும் கொண்டு சேர்ப்பது மாட்டேறுதான்.

நம் கையில் உள்ளவை

சென்னையில் இப்பணிக்கு இன்று வாய்ப்புகள் உள்ளன. மியூசிக் அகாடமி வளாகத்தில் 2008இல் தொடங்கிய எண்ணியல் ஒலிப்பதிவுக் காப்பகத்தில் அமர்ந்து பழைய கச்சேரிகளைக் கேட்கலாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரைச் சேர்ந்த ஒரு தனிமனிதர் ஆர்வத்தோடு சேர்த்த நூல்களிலிருந்து 1994இல் உருவானது. பாடல்களின் சொற்களைத் தாங்கிய பழைய பாட்டுப் புத்தகங்களுக்கும் அது ஒரு புகலிடம். வி. ஏ. கே. ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர் பல்லாயிரம் இசைத்தட்டுகளைத் திரட்டியுள்ளனர். அதே வேளையில் இழப்பும் உண்டு. பழைய தட்டுகளும் நூல்களும் விலைக்குக் கிடைத்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது.

எனினும் பெரிய காப்பகங்கள் மட்டும் இப்பணியைச் செய்து முடிக்க இயலாது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் தியாகராய நகரிலும் எத்தனையோ இல்லங்களின் பரண்களில் ஒலிநாடாக்கள் உறங்குகின்றன. பாட்டியின் தாலாட்டு, பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம், திருமண வீட்டுக் கச்சேரி, ஆலயப் பாடகர் குழுவின் கிறிஸ்து பிறப்பு விழாப் பாடல்கள். அவற்றின் மேல் 'பாட்டு' என்றோ 'பழையது' என்றோ மட்டும் எழுதியிருக்கும். பாடியவரை அறிந்தோர் உயிரோடு இருக்கும்வரை அது போதும். அவர்கள் மறைந்தபின், அந்த நாடாவில் இருப்பது உரிமையாளர் இல்லாத ஒரு குரல்.

செய்ய வேண்டியது அரியதன்று. பாடியவர் யார், உடன் வாசித்தவர் யார், சொற்கள் எவருடையவை, இசை எவருடையது, எங்கே, எந்த ஆண்டு என ஆறு குறிப்புகளை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தால் போதும். தட்டிலோ நாடாவிலோ காணும் எண்களைக் கண்டபடியே எழுத வேண்டும். பொருள் விளங்கவில்லை என்று விட்டுவிடலாகாது. பழைய தட்டுகள் யாவும் சரியாக நிமிடத்திற்கு 78 சுழற்சியில் பதிவானவை அல்ல. வேகம் மாறினால் சுருதி மாறும், குரலும் மாறும். ஆகவே எண்ணியல் வடிவுக்கு மாற்றுவோர் எந்த வேகத்தில் ஓட்டினர் என்பதையும் குறித்தல் நன்று. முக்கியமாக, உடன் பாடியவர், தம்புரா மீட்டியவர், மிருதங்கம் வாசித்தவர் ஆகியோரை 'மற்றும் பலர்' என்ற இரு சொற்களுக்குள் அடக்கிவிடாதிருத்தல் வேண்டும்.

தெலாழைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அந்நிய நாட்டுத் தட்டு ஒன்றை அவர் மதித்துக் கேட்டார். அதன் முன் தம் கலையை வளைத்துக் கொடுத்தார். தமிழைத் தமிழாகவே பாட வைத்தார். அக்காலத்தில் அது பெரிய செயலே. எஞ்சிய கடமை பட்டியலிடுவோருடையது. 'இராகமாலிகா' பற்றிய முழுமையான பதிவு இவ்வாறு அமையலாம்: சொல், இராமலிங்க அடிகள். குரல்வழி மூலம், கோயம்புத்தூர் தாயி என்ற பழனிக்குஞ்சரம், சென்னை. இசை எழுத்தாக்கம், மோரிஸ் தெலாழ், பாரிஸ். அதன் பின்னரே இன்று பாடுவோரின் பெயரும் தட்டின் எண்ணும் வர வேண்டும். மூன்று வரி கூடுதலாக எழுதுவதால் எந்தத் தாளும் நிறைந்துவிடாது. தம் முகம் காணாத மக்களுக்காக ஒரு கூம்பின் முன் அமர்ந்து மூன்று நிமிடம் பாடிய ஒரு பெண்ணுக்கு, நூறாண்டுக்குப் பின்னராவது அவருக்குரிய இடம் அம்மூன்று வரிகளால் கிடைக்கும்.